துக்க வீட்டு வாசலில் கலி

2024 ஆம் ஆண்டு ஆனி பிறந்து நாலைந்து நாளில் கள்ளக்குறிச்சிப் பட்டணத்துக் கருணாபுரத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் 18, 19 தேதிகளில் பாக்கெட்டில் அடைத்து விற்ற சாராயத்தை வாங்கிக் குடித்தவர்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டும் கண் தெரியவில்லை என்று தடவிக்கொண்டும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று நான்கு ஊர் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோனார்கள். 65 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெண்களும் உண்டு. சில வீடுகளில் தகப்பனும் தாயும் சேர்ந்தே போய்விட, பிள்ளைகள் மட்டும் மிஞ்சின.

அந்தச் செய்திகளில் ஒன்று என் நெஞ்சை விட்டு அகலவில்லை. முதலில் இறந்தவர்களின் துக்கத்துக்கு வந்தவர்களிலும் சிலர் அதே சாராயத்தைக் குடித்தார்கள் என்று அப்போது பத்திரிகைகளில் வந்தது. பிணம் நடுவீட்டில் கிடக்கிறது. எதனால் செத்தான் என்று இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது. வந்தவர்கள், எப்போதும் செய்வதுபோல, துக்கம் மறக்க ஒரு பாக்கெட்டை உடைக்கிறார்கள். எந்தச் சாவுக்கு அழ வந்தார்களோ அந்தச் சாவையே வாங்கிக் குடித்தார்கள்.

இதைப் படித்துவிட்டு நம்மில் பலர் என்ன பேசினோம் என்பதை முதலில் பார்ப்போம். "குடிகாரன் செத்தான், அவன் குடும்பத்துக்கு எதற்குப் பத்து லட்சம்?" தேநீர்க் கடையிலும் பேருந்திலும் இந்தப் பேச்சுதான். நெற்றியில் நாமம் தரித்தவர் வாயிலும் இதே பேச்சு வந்தது. கீழே விழுந்து கிடப்பவரைக் கைகொடுத்துக் காப்பதே தருமம் என்று அய்யா நமக்குச் சொல்லித் தந்தார். விழுந்தவன் எப்படி விழுந்தான், கல் தடுக்கியா கள் தடுக்கியா என்று விசாரித்துவிட்டுக் கைகொடுக்கச் சொல்லவில்லை. கருணாபுரத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கூலிக்குப் போனவர்கள். மூட்டை தூக்கியும் குப்பை அள்ளியும் பிழைத்தவர்கள். உடம்பு வலி மறக்க, அரசுக் கடைக் குவார்ட்டர் விலையில் பாதிக்கும் குறைந்த காசுக்குக் கிடைத்ததை வாங்கினார்கள். ஏழை என்பதால் மலிவான நஞ்சு அவனுக்கு வாய்த்தது. காசுள்ளவனுக்கு விலை கூடிய புட்டியில் மெதுவாகக் கொல்வது வாய்க்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கல்வராயன் மலை மேலும் ஒரு பழி விழுந்தது. அந்த மலையில் ஊறல் போட்டுச் சாராயம் காய்ச்சுவதும், போலீசார் போய்ப் பேரல் பேரலாகக் கொட்டி அழிப்பதும் பல வருடக் கதை என்பது உண்மை. ஆனால் கருணாபுரத்தில் உயிரைக் குடித்தது மெத்தனால். ஆலைகளில் பெயின்டுக்கும் கரைப்பானுக்கும் பயன்படுகிற விஷம். வெல்லமும் மரப்பட்டையும் போட்ட ஊறலில் அவ்வளவு மெத்தனால் விளையாது. அதை லாரியில் கொண்டுவரவும் கலக்கவும் விற்கவும் கீழ்நாட்டு வியாபாரிகள் வேண்டும். 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் ஆட்சியில் இருந்த மலை அது. அந்தத் துயரத்துக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்து, மலைமக்களுக்குச் சாலையும் பள்ளியும் மருத்துவமும் போய்ச் சேர்ந்திருக்கிறதா என்று அரசைக் கேட்டது. சாமையும் தினையும் விளைந்த பூமியில் ஏன் ஊறல் பானை ஏறியது என்பதற்கு அந்தக் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. நம் முன்னோரைத் தலைப்பாகை கட்டக் கூடாது, மேலாடை போடக் கூடாது என்று ஒடுக்கிய நாட்களில் அவர்களை இழிவாகப் பேசாத வாய் இல்லை. அந்த வலி தெரிந்த மக்கள் நாம். மலைக்காரர்களை மொத்தமாகத் தூற்றும் பேச்சில் நாம் சேரலாகாது.

சட்டம் என்ன செய்தது என்பதையும் சொல்லவேண்டும். அதே ஜூன் மாதம் சட்டமன்றத்தில் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி, விஷச் சாராயத்தால் உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம் என்று வைத்தார்கள். நவம்பரில் வழக்கை உயர் நீதிமன்றம் சிபிஐக்கு மாற்றியது. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனாலும் ஒன்றை நினைத்துப் பாருங்கள். கல்வராயன் மலையின் மேற்குச் சரிவு சேலம் மாவட்டம். இந்தியாவிலேயே முதன்முதலாக 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கு கொண்டுவந்தது அந்தச் சேலத்தில்தான். பிறகு மாகாணம் முழுவதும் வந்தது, 1971ல் போனது, கள், சாராயக் கடைகள் மறுபடி மூடின, திறந்தன, 1983ல் டாஸ்மாக் வந்தது. சட்டம் வரும், போகும். துக்க வீட்டில் உடைக்கிற பாக்கெட் மட்டும் எந்தச் சட்டம் வந்தாலும் போகவில்லை. ஏனென்றால் அது சட்டத்தால் வந்ததல்ல, பழக்கத்தால் வந்தது.

குரோணியை ஆறு துண்டாக்கிய கதையும், ஆறாவது துண்டு கலியனாகப் பிறந்த கதையும் திருஏட்டு வாசிப்பில் வருடந்தோறும் கேட்கிறோம். கலியன் பெரிய கிரீடத்தோடும் படையோடும் வருவான் என்று எதிர்பார்த்தால் அவனைக் காணமாட்டோம். அவன் மரியாதையின் உருவத்தில் வருவான். "ஏல, குழி வெட்ட வந்தவனுக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்கும் குரலில் வருவான். "கொடுக்காவிட்டால் ஊர் என்ன சொல்லும் அண்ணாச்சி" என்று காதோடு சொல்லும் சொந்தக்காரன் வாயில் வருவான்.

நம் தென்கோடியிலும் இதுதான் நடக்கிறது, மறைக்க வேண்டாம். அய்யாவழி மக்கள் இறந்தவர் உடலை எரிப்பதில்லை. நெற்றியில் நாமம் சாற்றி, வடக்கு முகமாகச் சம்மணமிட்டு உட்காரவைத்து அடக்கம் செய்கிறோம். தருமயுகம் பிறக்கும்வரை அவர் தவத்தில் இருக்கிறார் என்பது நம் நம்பிக்கை. அப்படியானால் நாம் வெட்டுவது குழியல்ல, தவப்பீடம். தவப்பீடம் அமைக்க வந்த கைக்குச் சாராயக் காசு கொடுத்து அனுப்பினால் அது என்ன அடக்கம்? அங்கே மண்வெட்டி பிடித்தவனைத் திட்டிப் பயனில்லை. காலையிலிருந்து வெயிலில் நிற்கிறான், யாரும் அவனுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை, சாயங்காலம் 500 ரூபாயைக் கையில் திணித்து ஒதுக்கிவிட்டார்கள். அவன் எங்கே போவான்?

அய்யா பழக்கத்தை எப்படி மாற்றினார் என்று பாருங்கள். "நீ மாறு, நீ மாறு" என்று ஒவ்வொருவனையும் தனியே நிறுத்திச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. எழுநூறு குடும்பங்களைக் குடும்பமாகவே கடற்கரைக்கு அழைத்துப்போய்த் துவையல் தவசு இருக்கவைத்தார். மூன்று வேளை குளிப்பு, துணி துவைப்பு, புலால் மது இல்லை, பச்சரிசியும் சிறுபயறும் சேர்ந்த எளிய உணவு. வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் அந்த மக்கள் மாதக்கணக்கில் இப்படி இருந்தார்கள். கணவன் குளிக்கப் போகையில் மனைவியும் போனாள். பக்கத்துக் குடிசைக்காரனும் போனான். குடிக்கிறவன் தனியே குடிக்கப் பழகவில்லை, கூட்டாளியோடு பழகினான். ஆகவே விடுவதற்கும் கூட்டாளி வேண்டும். முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீராடியதும் இதே வழிதான். பழக்கத்தைக் கூட்டாக மாற்றினால் அது வழக்கமாகிவிடும்.

வேற்று மதம், வேற்று மொழி பேசுகிறவர்களும் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். 1990களின் தொடக்கத்தில் ஆந்திரத்து நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா என்ற சிற்றூரில், இரவில் எழுத்துப் படிக்கக் கூடிய கூலிப் பெண்கள், பாடத்தில் வந்த சாராயக் கதை தங்கள் வீட்டுக் கதையாக இருப்பதைக் கண்டார்கள். கூட்டமாகப் போய் ஊர்ச் சாராயக் கடையை நிறுத்தினார்கள். அது ஊர் ஊராகப் பரவி, 1993 அக்டோபரில் ஆந்திர அரசே சாராயத்தைத் தடை செய்யும்படி ஆயிற்று. ஒருத்தி தன் வீட்டுக்காரனிடம் சண்டை போட்டால் அது வீட்டுச் சண்டை. ஐம்பது பேர் சேர்ந்தால் அது ஊர்.

பனையேறிப் பிழைத்த குடும்பங்களுக்கு ஒன்று சொன்னால் உடனே விளங்கும். ஒரே பனை, ஒரே பாளை, ஒரே கலயம். உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் காலையில் இறங்குவது பதநீர், தடவாவிட்டால் கள். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டியாகிப் பிள்ளையின் படிப்புக்கு ஆகும். கள் ஆனால் வீட்டுக்கு வராது. இதில் பனைக்கு ஒரு பங்கும் இல்லை. ஒருமுறை தடவியாயிற்று, இனி வருடம் முழுவதும் பதநீர்தான் என்று எந்தப் பனையேறியும் இருந்ததில்லை. ஒவ்வொரு முறை கலயம் கட்டும்போதும் தடவவேண்டும். அய்யா முன் கைகூப்பி ஒருமுறை சத்தியம் செய்தவன் மறுவாரம் தவறினால், "சத்தியத்தை மீறினான்" என்று அவனைத் தாங்கலுக்குள் வரவிடாமல் பேசுகிறோமே, அது பெரிய தப்பு. அவனுக்கு அன்றைக்குச் சுண்ணாம்பு போதவில்லை. மறுபடி வரச் சொல்லுங்கள். சாயங்கால உகப்படிப்பு நேரம்தான் கடைக்குப் போகும் நேரமும். அந்த ஒரு மணி நேரம் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்தால் போதும், மறுநாளை மறுநாள் பார்க்கலாம்.

இங்கே கொஞ்சம் உடம்பைப் பற்றியும் பேசவேண்டும். பக்தி பேசுகிற இடத்தில் வைத்தியம் எதற்கு என்று கேட்காதீர்கள். பல வருடம் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், உறக்கமின்மை, சிலருக்கு வலிப்பும் புத்தி தடுமாற்றமும் வரும். அதைப் பேய் பிடித்தது என்று எண்ணி வீட்டில் வைத்திருக்கக் கூடாது. அரசு ஆஸ்பத்திரி மனநல மருத்துவரிடம் காட்டினால் அந்த நாட்களைக் கடக்க மருந்து தருவார். அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கிறோம் என்று சில தாய்மார் எங்கிருந்தோ மாத்திரை வாங்குகிறார்கள். அது தெரியாமல் அவர் மேலே குடித்தால் உயிருக்கே ஆபத்து.

மெத்தனால் இன்னும் கொடியது. குடித்த உடனே அதிகம் தெரியாது. அரை நாள், ஒரு நாள் கழித்து வயிற்று வலி, வாந்தி, மூச்சு வாங்கல், கண்ணில் வெண்புகை படர்ந்ததுபோல மங்கல் என்று வரும். உடம்புக்குள் அது அமிலமாக மாறிக் கண் நரம்பைத்தான் முதலில் தாக்கும். சீக்கிரம் கொண்டுபோனால் முறிவு மருந்து உண்டு, பிழைக்கலாம். போலீஸ் கேட்குமே, அக்கம்பக்கம் கேவலமாகப் பேசுமே என்று மறைத்துப் படுக்கவைத்தால் அந்த வெட்கமே கொன்றுவிடும். 108க்குப் பேசுங்கள். என்ன குடித்தார் என்பதை டாக்டரிடம் ஒளிக்காதீர்கள்.

இனி நம் தாங்கல்கள் செய்யக்கூடியது ஒன்று. பெரிய மாநாடும் உறுதிமொழிப் பலகையும் வேண்டாம். ஊரில் ஒரு சாவு விழுந்தால், அது எந்தச் சாதி, எந்த மதத்து வீடாக இருந்தாலும், தாங்கலிலிருந்து நாலு பேர் போகவேண்டும். இரண்டு பேர் மண்வெட்டி பிடிக்கட்டும். குழி வெட்டுவது குறைந்த வேலை என்று நினைக்கிறவர் முதலில் பிடிக்கட்டும். இரண்டு பேர் சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் காப்பி கொதிக்கவைத்து, வெட்டுகிறவர்களுக்கு வீட்டாருக்கு முன்பாகக் கொடுக்கட்டும். மத்தியானம் அவர்களுக்கும் இலை போடவேண்டும். உம்பான் சோறு ஆக்கத் தெரிந்தவர்கள் எல்லாத் தாங்கலிலும் இருக்கிறார்கள். கூலியை அவன் கையில் சாயங்காலம் திணிக்காமல், அவன் வீட்டில் அந்த அம்மாள் கையில் காலையிலேயே சேர்த்துவிடுங்கள். "ஒண்ணும் இல்லையா?" என்று கேட்பவனிடம் சண்டைக்குப் போகவேண்டாம். டம்ளரை நீட்டுங்கள், "இருக்கு அண்ணாச்சி, சூடா இருக்கு" என்று சொல்லுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைப் பணிவிடை முடிந்து இனிமம் வாங்கியதும் கலைந்துவிடாமல் கொஞ்சம் உட்காருங்கள். பெரிய அண்டா ஒன்று, மண்வெட்டி இரண்டு, டம்ளர் நூறு. இவற்றை யார் வாங்குவது, யார் வீட்டில் வைப்பது, நடு இரவில் செய்தி வந்தால் யாரை எழுப்புவது என்று பெயர் சொல்லி முடிவு செய்துகொள்ளுங்கள்.

அய்யா உண்டு.