இரண்டாவது சாவி

ஒருவனிடம் இருக்கிற சக்தியை அவன் ஒருநாளும் செலவழிக்கவில்லை என்றால், அதை அவனுடைய சக்தி என்று சொல்லலாமா? கேள்வி வேதாந்தம் போல் தோன்றும். ஆனால் இதை எனக்குள் கிளப்பிவிட்டது ஒரு மோட்டார் வண்டி.

பிரான்ஸ் தேசத்தில் மோல்ஸைம் என்ற சிற்றூரில், 2005 முதல் 2015 வரை, புகாட்டி வேய்ரான் என்று ஒரு வண்டி செய்தார்கள். இரண்டே பேர் உட்காரலாம். செய்தது மொத்தம் 450. அவற்றில் 300 மூடிய கூபே. 16 சிலிண்டர், 4 டர்போ, 1,001 குதிரைச் சக்தி. அந்த உலையின் சூட்டைத் தணிக்க 10 ரேடியேட்டர்கள்! விலையை விவரமாகச் சொல்லி வாசகர்களின் தூக்கத்தைக் கெடுக்க மனமில்லை. பத்து லட்சம் யூரோவுக்குக் குறைவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வேகம் மணிக்கு 407 கிலோமீட்டர். அதாவது, நொடிக்கு 113 மீட்டர். நீங்கள் ஒருமுறை கண்ணை இமைப்பதற்குள் தெருவில் நாலைந்து வீடுகள் பின்னால் போயிருக்கும்.

ஆனால் அந்த வேகம் கேட்டவுடன் கிடைத்துவிடாது. எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் 375-க்கு மேல் வண்டி போகாது. மேலே போக ஆசைப்பட்டால், முதலில் வண்டியை நிறுத்த வேண்டும். இருக்கைக்கு இடப்புறம், கீழே உள்ள துவாரத்தில் இரண்டாவது சாவி ஒன்றைப் போட்டுத் திருப்ப வேண்டும். உடனே வண்டி தரையோடு பதுங்குகிறது. பின் இறக்கை தாழ்ந்துகொள்கிறது. அப்புறமும் பிரேக்கைத் தொட்டால் போதும், வரம் பறிபோய்விடும். வரத்தின் ஆயுளும் அற்பம். முழு வேகத்தில் ஓடினால் 100 லிட்டர் பெட்ரோலும் சுமார் 12 நிமிஷத்தில் காலி.

இந்த இரண்டாவது சாவிதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. வாங்கியவர்களில் எத்தனை பேர் அதைத் திருப்பியிருப்பார்கள்? திருப்பினாலும் சாலை வேண்டாமா? ஜெர்மனியில் ஏரா-லெஸ்ஸியன் என்ற இடத்தில் வோக்ஸ்வாகன் கம்பெனியின் சோதனைத் தடம் இருக்கிறது. எட்டு கிலோமீட்டருக்கு மேல் வளைவே இல்லாத பாதை. 407-ஐ எட்டிக் காட்டியது அங்கேதான். ஊருக்குள் இது நடக்கிற காரியமா? ஆக, அவர்கள் காசு கொடுத்து வாங்கியது ஓட்டத்தை அல்ல. ஓட முடியும் என்ற நினைப்பை.

"திருப்பாமல் வைத்திருப்பதும் ஓர் அடக்கம்தானே, சார்?" என்றார் ஒரு நண்பர்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோபத்தைப் பற்றிப் பேசும்போது வள்ளுவர், அது பலிக்கிற இடத்தில் அடக்குகிறவனைத்தான் பொருட்படுத்துகிறார். சாலை இல்லாததால் ஓட்டாதவனை அடக்கமுள்ளவன் என்பானேன்? சாலை இல்லாதவன், அவ்வளவுதான்.

நண்பர் விடவில்லை. "எத்தனை வீடுகளில் கல்யாணத்துக்குப் பிறகு வீணை உறைக்குள்ளேயே கிடக்கிறது! அந்தப் பெண்களுக்கும் இதே தீர்ப்பா?"

நியாயமான அடி. சற்று யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வாசிக்காமல் விட்டால் விரலிலிருந்து வித்தை நழுவிவிடுகிறது. அந்த இழப்பே, அது அவளுடையதாக இருந்தது என்பதற்குச் சாட்சி. வண்டியைக் கொட்டகையில் பூட்டி வைப்பவர் எதை இழக்கிறார்? அந்த 407 அவர் கையிலிருந்து நழுவாது. கைக்கு அது வந்ததே இல்லையே!

பின்னே அந்த வேகம் யாருடையது? சூட்டோடும் டயரோடும் காற்றோடும் வருஷக்கணக்கில் மல்லாடிய என்ஜினீயர்களுடையது என்பேன். அவர்களில் எத்தனை பேரால் அந்த வண்டியை விலை கொடுத்து வாங்க முடிந்திருக்கும் என்பது வேறு விஷயம்.