இன்சுலின் ஊசியும் விரத நியமமும்

கேள்வி: பல வருடம் மாத்திரையில் இருந்த சர்க்கரை நோய்க்கு இப்போது இன்சுலின் ஊசி போடச் சொல்கிறார்கள். இது முன்வினைப் பயனா? அனுபவித்துத் தீர்க்க வேண்டியதை ஊசி போட்டுத் தடுக்கலாமா?

பதில்: இரண்டாம் வகை நீரிழிவில் கணையத்தின் பீட்டா செல்கள் ஆண்டுக்காண்டு நலிந்துகொண்டே போகும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் மிச்சமிருக்கும் செல்களை முடுக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. மெட்ஃபார்மின், கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைக்கிறது. முடுக்குவதற்குப் போதிய செல்களே இல்லை என்றானபின், உடம்பு சுரக்க வேண்டியதை வெளியிலிருந்துதான் கொடுக்க வேண்டும். வாயைக் கட்டி வாழ்ந்தவருக்கும் இந்த நிலை வரும். ஒழுக்கக் குறைவுக்கு வந்த தண்டனையாக இதைக் கருத இடமில்லை. ‘ஊசி வந்தால் கடைசிக் கட்டம்’ என்று உறவினர் சொல்வதும் தவறு. முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைகள் நோய் கண்ட நாளிலிருந்தே ஊசி போட்டுக்கொண்டுதான் படிக்கிறார்கள், விளையாடுகிறார்கள்.

வினை உண்டு என்பது சைவத்தின் கொள்கை. ஆனால் வினை என்று சொல்லிச் சும்மா இருப்பதை அது ஏற்கவில்லை. கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், திருஞானசம்பந்தருடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. அப்போது பாடிய திருநீலகண்டப் பதிகத்தின் தொடக்கத்திலேயே, வினையின் விளைவு இது என்று பேசிக்கொண்டு மீளும் வழியைத் தேடாதிருப்பது குறைபாடு என்கிறார் அவர். அங்கே அவர் காட்டிய வழி வழிபாடுதான், மருந்து அன்று. ஆனாலும் கைகட்டி உட்கார்வதை அவர் கண்டித்தது இந்தக் கேள்விக்குப் போதுமான விடை. ஊழுக்கு ஓர் அதிகாரம் வைத்த வள்ளுவர் மருந்துக்கும் ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார்.

கேள்வி: இன்சுலின் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் எடுக்கப்படுவது என்கிறார்களே! சைவ உணவு நியமம் உள்ளவர் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1921இல் டொரன்டோ நகரில் பேன்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்த பிறகு, பல பத்தாண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே அது தயாரானது. 1978இல் மனித இன்சுலினுக்கான மரபணுவைப் பாக்டீரியாவில் செலுத்தி உருவாக்கும் முறை கைகூடியது. 1982இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. இன்று மருந்துக் கடைகளில் வழக்கமாகக் கிடைப்பவை பாக்டீரியாவிலோ ஈஸ்ட்டிலோ வளர்த்தெடுக்கப்பட்டவை. விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வரும் ஜெலட்டினால் ஆன கேப்சூலை யோசிக்காமல் விழுங்குகிறவர்கள் இன்சுலினைப் பற்றி மட்டும் ஐயப்படுவது விசித்திரம்தான்.

கேள்வி: ஏகாதசி, சஷ்டி நாட்களில் ஊசி போட்டால் விரதம் முறியுமா? அன்று மட்டும் ஊசியை நிறுத்தலாமா?

பதில்: முறியாது. மகாபாரதம் உத்தியோக பருவத்தில் விதுரர் நீதி சொல்லும் பகுதியில், விரதத்தைக் கெடுக்காதவை என்று எட்டு குறிப்பிடப்படுகின்றன. நீர், கிழங்கு, பழம், பால் ஆகியவற்றோடு மருந்தும் அந்த எட்டில் அடக்கம். விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதாலும் விரதம் முறியாது.

ஊசியை நிறுத்துவது வேறு விஷயம். உண்மையான ஆபத்து அதில்தான் இருக்கிறது. இரவில் ஒருமுறை போடும் நீண்ட நேர இன்சுலின், உணவு இல்லாத வேளையிலும் உடம்புக்குத் தேவை. அதை அடியோடு விட்டுவிடக் கூடாது. அளவைக் குறைப்பதா என்பதை மருத்துவர் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சாப்பாட்டுக்கு முன் போடும் குறுகிய நேர இன்சுலின் சாப்பாட்டுக்கானது. சாப்பிடாத வேளையில் அதைப் போட்டால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கிவிடும். இரண்டும் கலந்து காலையும் இரவும் போடும் கலவை இன்சுலின்தான் விரதத்துக்கு மிகவும் இடைஞ்சலானது. போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும். போடாவிட்டால் அடிப்படைத் தேவையும் சேர்ந்து போய்விடும். இத்தகையவர் கந்த சஷ்டியின் ஆறு நாளும் மிளகு விரதம் இருக்க நினைப்பது பொருந்தாது. ஒருவேளை உணவு, உப்பில்லா உணவு, மௌனம், பாராயணம் என்று விரதத்துக்கு வேறு வடிவங்கள் எத்தனையோ உண்டு.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் தோன்றினாலோ ரத்தச் சர்க்கரை அளவு 70க்குக் கீழ் போனாலோ விரதம் அத்துடன் முடிந்தது. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கையில் சர்க்கரைப் பொங்கல் இருக்கிறதே என்று அதைச் சாப்பிடுவது சரியாகாது; நெய் சேர்ந்திருப்பதால் அதிலுள்ள இனிப்பு மெதுவாகவே ரத்தத்தில் ஏறும். இதற்கு மாறான தொல்லையும் உண்டு. அரிசி கூடாது என்று ஜவ்வரிசி உப்புமாவும் வாழைப்பழமும் உண்டு கழிக்கும் விரதத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

கேள்வி: பூஜைக்கு முன் ஊசி போட்டால் தீட்டா? கிரிவலம் செல்லலாமா?

பதில்: துளி ரத்தம் கசிந்தால் துடைத்துக் கை கழுவிவிட்டுப் பூஜை செய்யலாம். நேரம் பார்க்க வேண்டியது பூஜைக்காக அல்ல, சாப்பாட்டுக்காக. ஊசி போட்டபின் அர்ச்சனை நீண்டு உணவு தள்ளிப்போகக் கூடாது. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். நடக்கும் தொடையில் போட்ட இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும் என்பதால் அன்று வயிற்றில் போடுவது நல்லது. குளுக்கோஸ் பையில் இருக்க வேண்டும். எந்நாளும் ஒரே இடத்தில் குத்தினால் அங்கே கொழுப்புக் கட்டி விழும், மருந்தும் ஒழுங்காகச் சேராது. எனவே இடத்தை மாற்றிக்கொண்டே வர வேண்டும்.

கேள்வி: கோயில் வெண்ணியில் வேண்டிக்கொண்டால் ஊசியை விட்டுவிடலாமா?

பதில்: நீடாமங்கலத்துக்கு அருகில் உள்ள இந்தப் பாடல் பெற்ற தலத்தின் இறைவன் வெண்ணிக் கரும்பர். ரவையும் சர்க்கரையும் கலந்து பிராகாரத்தில் இட்டு, எறும்பு தின்னத் தின்ன நோய் குறையும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. வேண்டுதலைச் செய்யலாம், ஊசியை நிறுத்தச் சொல்லும் தல வழக்கம் எதுவும் இல்லை. தொற்றுக் காய்ச்சலுக்காகவோ அறுவை சிகிச்சைக்காகவோ தற்காலிகமாக இன்சுலினுக்கு மாற்றப்பட்டவர்கள் பிறகு மாத்திரைக்குத் திரும்புவது உண்டு. அதை எச்.பி.ஏ.1சி பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார்.