ஒன்றரை ஷிப்ட்

திருப்பூர்ச் சாலையும் கோவை–கரூர்ச் சாலையும் சந்திக்கும் அவிநாசிபாளையத்தில், இன்று முப்பது நாற்பது வயதில் இருக்கும் பலர் பெருமையோடு சொல்வது இது: "தேனிப் பக்கமிருந்து ஒரு துணிப்பையோட வந்தாங்க. அப்பா கட்டிங், அம்மா கைமடி. ஒன்றரை ஷிப்ட் பாத்துத்தான் எங்களைப் படிக்க வெச்சாங்க."

மானாவாரிக் காடு கைவிட்டபோது பனியன் கம்பெனியை நம்பி வந்தவர்களின் பிள்ளைகள் இவர்கள். பெருமை நியாயமானது. ஆனால் எதைப் போற்றுகிறோம் என்பதில்தான் சறுக்கல். அந்தப் பெற்றோர் ஒன்றரை ஷிப்டுக்காகக் காலை எட்டரைக்கு உள்ளே போய் இரவு எட்டரைக்கு வெளியே வந்தார்கள். ஷிப்மென்ட் அவசரம் என்றால் நைட்டும் பார்த்தார்கள். சனிக்கிழமைச் சம்பளத்தில் மளிகைப் பாக்கியும் லைன் வீட்டு வாடகையும் போக, மிச்சத்தை ஊருக்கு அனுப்பினார்கள். இதைத் தாங்கியவர்களின் நெஞ்சுரம் பெரிது. அதனால் அப்படி வேலை வாங்கியது சரியென்று ஆகிவிடாது. இரண்டையும் சேர்த்தே புகழ்ந்தால், பாடுபடுவதே மனிதருக்கு அழகு என்றாகிவிடும்.

அன்று டெய்லருக்கு உதவியாகக் கைமடித்த அம்மாவின் மகன் இன்று லைன் சூப்பர்வைசர். ஒடிசாவிலிருந்து வந்து ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண், காய்ச்சல் என்று மாலையில் கிளம்பக் கேட்கிறாள். "எங்கம்மா காய்ச்சலோட நைட் பாத்தவங்க" என்று பதில் வருகிறது. தாய் பட்ட கஷ்டம் இன்னொருத்தியை விரட்டும் சாட்டையாகிவிடுகிறது.

அந்தத் தலைமுறை பொறுத்துக்கொண்டே போனது என்பதும் பாதிக் கதைதான். 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வாரச் சம்பளத்தில் அடுப்பெரியும் வீடுகளுக்கு நான்கு மாதம் என்பது எவ்வளவு நீளம்! பிள்ளைகளின் பெருமைப் பேச்சில் இது அரிதாகவே வருகிறது. உழைத்ததைப் போலவே, போதும் என்று எழுந்து நின்றதும் அவர்கள் செய்ததுதான்.

"வடக்கத்திக்காரங்க வந்து கூலியைக் கெடுத்துட்டாங்க" என்ற முறையீட்டை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பீஸ் ரேட் ஏறாத வலி உள்ளூர் டெய்லருக்கு உண்மையானது. ஆனால் ரேட் போடுவது பீகாரிலிருந்து வந்தவர் அல்ல. முதலாளி போடுகிறார், அவரை விலையில் நெருக்குபவர் வெளிநாட்டு பையர். ஒரே மாதிரி வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளிக்குக் கூலி குறையக் கூடாது என்று 1979-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. அவருக்கு முழுக்கூலி கிடைத்தால் உள்ளூர்க்காரரின் கூலியும் சரியாது.

ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பெற்றோரிடம் கேட்டால், "எங்க கஷ்டம் எங்களோட போகட்டும்" என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். மகனைக் கைமடிக்கு அனுப்பாமல் பள்ளிக்கூடம் அனுப்பியதும் அதனால்தான். சம்பளம் பிடிக்காமல் அந்த ஒடிசாப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் சூப்பர்வைசருக்கு இல்லாமல் இருக்கலாம். மேனேஜரிடம் போய் அவளுக்காகப் பேச அவரால் முடியும்.