மச்சான் கையில் கயிறு

கடலுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எங்களுக்குத் தண்ணி என்றால் கிணறு, ஏரி, கோமுகி அணை, மழை பெய்தால் கல்வராயன் மலை அருவிகள். இருந்தும் புதுச்சேரியில் ஸ்கூபா கற்றுவந்த நண்பன் கேட்ட கேள்வியை என்னால் சும்மா விட முடியவில்லை. "தனியா ஒரு சின்ன சிலிண்டர் வாங்கணுமாடா? கூட வர்றவன்கிட்டதான் காத்து இருக்கே, அப்புறம் எதுக்குங்கிறாங்க."

கேட்பதற்கு உபகரணக் கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் என் உயிருக்கான மாற்று ஏற்பாடாக இன்னொரு மனிதனை வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் அதன் அடியில் இருப்பது.

ஸ்கூபாவில் ஒவ்வொருவரும் ஆக்டோபஸ் என்ற கூடுதல் ரெகுலேட்டரைச் சுமக்கிறார்கள். பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும். துணைக்கு வந்தவருக்குக் காற்று தீர்ந்தால் கொடுப்பதற்கு. அதாவது என் மாற்றுக்காற்று அவர் முதுகில், அவருடையது என் முதுகில். அழகான ஏற்பாடுதான்.

நம்மிடம் இதற்குப் பழைய வடிவம் ஒன்று உண்டு. மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும் என்பார்கள். பாறை விளிம்பிலிருந்து கயிற்றில் இறங்கித் தேனெடுப்பவர், மேலே கயிற்றைப் பிடிக்க மனைவியின் சகோதரனைத்தான் நிறுத்துவார் என்று மலைக்குடிகள் பலரிடம் சொல்லப்படுகிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களைப் பற்றியும் இதையே சொல்வார்கள். காரணம் எளிது. கயிறு நழுவினால் விதவையாகப்போவது அவன் அக்காவோ தங்கையோ. கூடப்பிறந்தவனுக்குச் சொத்தில் பங்கு கூடும், மச்சானுக்கு அப்படி ஒரு லாபமும் இல்லை. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், இது வெறும் நம்பிக்கை இல்லை. நம்பிக்கை எந்த இடத்தில் உடையும் என்று முன்கூட்டியே யோசித்து வைத்த ஏற்பாடு.

ஆனால் கயிற்றுக்கும் காற்றுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. கயிற்றைப் பிடித்திருப்பவன் தரையில் நிற்கிறான். தண்ணீருக்குள் துணைவனும் நம்மோடு மூழ்கித்தான் இருக்கிறான்.

ஒரு சின்னக் கணக்கு. 11 லிட்டர் சிலிண்டரில் 50 பார் அழுத்தம் மிச்சம் என்றால் 550 லிட்டர் காற்று. நிதானமாக இருப்பவர் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர் சுவாசிப்பார், பதறினால் 40 ஆகும். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு. அங்கிருந்து நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகமாகும், சராசரி அழுத்தம் இரண்டரை மடங்கு. பதறிய இருவர் ஒரே சிலிண்டரில் ஏறினால் 660 லிட்டருக்கு மேல் வேண்டும். இருப்பதோ 550. அதே மனிதரிடம் 3 லிட்டர், 200 பாரில் தனிச் சிலிண்டர் இருந்தால் 600 லிட்டர் கையில். அவருக்கு ஏறத் தேவை 330தான்.

அப்போ, மாற்று சிலிண்டர் எடுத்துப் போவது துணைவனை நம்பாததாக ஆகுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் காற்றில்லாமல் போனால் இழுக்கப்போவது அவனுடைய மூச்சை. என் சிலிண்டர் அவனைக் காப்பதற்கும்தான். குகைக்குள் மூழ்குபவர்கள் 'மூன்றில் ஒரு பங்கு' விதியை வைத்திருக்கிறார்கள். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கடைசிப் பங்கைத் தொடக்கூடாது. அந்தக் கடைசிப் பங்கு முழுக்க நம்முடையது இல்லை, காற்றிழந்த துணைவனுக்கும் சேர்த்து வைத்தது.

2018 ஜூலை 6 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் இறந்தார். உள்ளே சிக்கிய 12 சிறுவர்களையும் பயிற்சியாளரையும் மீட்கும் பணிக்காகச் சிலிண்டர்களை வழியில் வைத்துவிட்டுத் திரும்பும்போது. பிறருக்காகக் காற்று சுமந்தவர். நான்கு நாளில் 13 பேரும் வெளியே வந்தார்கள்.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது: கூடுதல் காற்று இருந்தால் அலட்சியம் வரும், இன்னும் ஆழம் போவான். இதை நான் ஒதுக்கமாட்டேன். கிணற்றில் சுரைப்புருடை கட்டிக்கொண்டு மிதந்த பையன் நீச்சல் கற்றவன் ஆகமாட்டான். கையளவு குப்பி ஒன்றை இடுப்பில் சொருகிக்கொண்டு 30 மீட்டர் இறங்குவது சிலிண்டர் இல்லாததைவிட மோசம், ஏனென்றால் அது தைரியம் மட்டும்தான் தருகிறது. அதனால் என் பதில் இது: பத்துப் பதினைந்து மீட்டரில், பழகிய துணையோடு, மானியைப் பார்த்துக்கொண்டு போகிறவனுக்கு ஆக்டோபஸ் போதும். ஆழம் கூடினாலோ, துணைவர் அன்றுதான் அறிமுகமானவர் என்றாலோ, தனிச் சிலிண்டர் கடமை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. 'எடுத்துப் போகலாமா' என்று கேட்கும் வசதி நம் ஊரில் எத்தனை பேருக்கு? மன்னார் வளைகுடாவில் சங்கு எடுக்க கம்ப்ரசர் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குபவருக்குப் படகின் எஞ்சின்தான் மூச்சு. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்படுபவருக்கு முதல் சிலிண்டரே கிடையாது. 2013இல் சட்டம் தடுத்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் இறப்புக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. இன்னும் இறங்குகிறார்கள். ஒருவர் மயங்கியதும் இன்னொருவர் காப்பாற்றக் குதிக்கிறார், அவரும் வருவதில்லை. அந்த இரண்டாமவர் உண்மையான மச்சான். அவரிடம் துணிவு இருந்தது, அன்பு இருந்தது, காற்று மட்டும் இல்லை.