யாருக்கு விசுவாசம்?

1988ல் பேட்மேன் வேஷத்துக்கு மைக்கேல் கீட்டனைப் போடப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் அமெரிக்கக் காமிக்ஸ் ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். கீட்டன் அதுவரை பெரும்பாலும் காமெடிப் படங்களில் நடித்தவர். உயரம் சுமார், மோவாய் அதைவிடச் சுமார். ‘இந்த ஆளா பேட்மேன்?’ என்று வார்னர் பிரதர்ஸுக்குப் போன கடிதங்கள் 50,000 என்று சொல்வார்கள். ஈமெயில் புழங்காத காலம். ஒவ்வொருத்தரும் தாள் எடுத்து எழுதி, ஸ்டாம்ப் ஒட்டிப் போட்டது. அடுத்த வருஷம் படம் வந்து சக்கைப்போடு போட்டது. 2023ல் ‘தி ஃப்ளாஷ்’ படத்தில் கீட்டன் அதே முகமூடியோடு திரும்ப வந்தபோது, ‘நிஜ பேட்மேன் வந்துட்டார்யா’ என்று உருகினார்கள்.

சிரிக்கலாம். ஆனால் அந்தக் கோபத்துக்குள் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒருத்தர் உண்டாக்கின கதையை இன்னொருத்தர் படமாக எடுக்கும்போது அவர் யாருக்கு விசுவாசமாக இருக்கவேண்டும்? கதைக்கா, எழுதினவருக்கா, படித்து வளர்ந்தவனுக்கா?

ரசிகனிடம் பத்திரம் எதுவும் இல்லை. சட்டப்படி அவன் வெறும் வாடிக்கையாளன். ஆனால் 1939லிருந்து சில்லறை கொடுத்து வாங்கி பேட்மேனைச் சாகாமல் காப்பாற்றினது அவன்தானே? தேர் வடம் பிடிக்கிறவனுக்குத் தேர் சொந்தமில்லைதான். அவன் கையை எடுத்தால் தேர் நின்றுவிடும் என்பதும் நிஜம். எனவே ‘நல்லா எடு, இல்லாட்டி விட்டுடு’ என்று கேட்க அவனுக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். சிக்கல், ‘அப்படியே எடு’ என்று கேட்கும்போது ஆரம்பிக்கிறது. ‘நல்லா’ வேறு, ‘அப்படியே’ வேறு.

முதலில், எதை அப்படியே? 2016ல் ‘பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்’ வந்தபோது ‘பேட்மேன் ஆட்களைக் கொல்லமாட்டானே!’ என்று பெரிய ரகளை. ஆனால் 1939, 1940 கதைகளை எடுத்துப் பாருங்கள். துப்பாக்கி பிடிக்கிறான், கொல்லவும் செய்கிறான். கொல்லக்கூடாது என்ற விரதம் பின்னால் வந்தது. நாம் ‘ஒரிஜினல்’ என்பது பெரும்பாலும் நம் பதிமூன்றாவது வயதில் கையில் கிடைத்த பிரதிதான். நம்ம ஊரில் 1972ல் முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி பிரிட்டிஷ் சரக்கு. அங்கே ஆரம்பத்தில் அந்த ஆள் கொள்ளையடித்த பேர்வழி. நாளைக்கு யாராவது அதை ‘அப்படியே’ எடுத்தால், முதல் கல் நம்மிடமிருந்துதான் பறக்கும்.

சரி, கட்டத்துக்குக் கட்டம் எடுத்தால்? அதையும் கிட்டத்தட்ட செய்து பார்த்துவிட்டார்கள். ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த ‘வாட்ச்மென்’ 1986–87ல் 12 இதழ்களாக வந்தது. ஸாக் ஸ்னைடர் 2009ல் அதைப் படமாக்கினார். ஸ்மைலி பட்டன் மேல் இருக்கிற ரத்தத் தீற்றல்வரை பல காட்சிகள் அச்சு அசல் கிப்பன்ஸின் கட்டங்கள். கிளைமாக்ஸில் நியூயார்க்கை நாசம் பண்ணும் ராட்சசக் கணவாயை மட்டும் (படிக்காதவர்கள் மன்னிக்க) தூக்கிவிட்டு வேறு நாசம் வைத்தார். ரசிகர்கள் இன்றுவரை சண்டை போடுவது அந்தக் கணவாய்க்காக.

எனக்குக் கணவாய் பற்றிக் கவலையில்லை. புத்தகத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. ஐந்தாவது இதழில் முதல் பக்கத்துக் கட்டங்களின் அமைப்பு கடைசிப் பக்கத்தில் கண்ணாடி பிம்பமாக வரும். இரண்டாவது பக்கம் கடைசிக்கு முந்தின பக்கத்தில். இப்படியே போய் நடுப்பக்கத்தில் ரெண்டு பாதியும் சந்திக்கும். இதைக் கண்டுபிடிக்க முன்னும் பின்னும் புரட்டவேண்டும். காமிக்ஸில் காலம் வாசகன் விரல் நுனியில் இருக்கிறது. ஒரு கட்டத்தில் பத்து நிமிஷம் நிற்கலாம், போன அத்தியாயத்துக்கு ஓடிவிட்டு வரலாம். தியேட்டரில் வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும், நீங்கள் நிறுத்தமுடியாது. ஸ்னைடர் கட்டத்தை எடுத்துக்கொண்டார், புரட்டலைக் கொண்டுவர முடியவில்லை. 2019ல் டேமன் லிண்டெலாஃப் எடுத்த டி.வி. தொடர் கதையையே விட்டுவிட்டு, 1921ல் டல்ஸாவில் கறுப்பர்களைக் கொன்று குவித்த நிஜச் சம்பவத்தில் ஆரம்பித்தது. முகமூடி போட்டு நீதி வழங்குகிறவன் யார், அவனுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்ற மூரின் கேள்வி அங்கேதான் உயிரோடு இருந்தது.

அந்த மூர் என்ன சொன்னார்? படம் வேண்டாம் என்றார். பெயரை எடுத்துவிடச் சொன்னார், தன் பங்குப் பணத்தைக் கிப்பன்ஸுக்கே கொடுக்கச் சொன்னார். ஸ்னைடர் படத்தின் டைட்டிலில் எழுதினவர் பெயரே கிடையாது. அவர் மனக்கசப்பு பழையது. புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை படைத்தவர்களுக்குத் திரும்பும் என்று டி.சி. கம்பெனியோடு ஒப்பந்தம். புத்தகமோ அச்சில் இல்லாமல் போகவே இல்லை. நன்றாக விற்றதே அவருக்கு வினையாயிற்று. விற்கவைத்தது யார்? அதே விசுவாசமுள்ள ரசிகர்கள். நானும் காசு கொடுத்து வாங்கினவன்தான். கணவாய்க்காகப் போட்ட சண்டையில் பாதியாவது இந்த மனுஷருக்காகப் போட்டிருக்கக்கூடாதா?

ரசிகர்களால் முடியாதது இல்லை. பேட்மேனை உண்டாக்கினவர் பாப் கேன் என்றுதான் பல வருஷம் அச்சிட்டார்கள். கேன் முதலில் வரைந்த ஆசாமிக்குச் சிவப்பு டிரெஸ், விறைப்பான இறக்கை. காது வைத்த முகமூடி, தொங்கும் அங்கி, சாம்பல் நிறம், புரூஸ் வெய்ன் என்ற பெயர், காத்தம் என்ற ஊர்ப் பெயர் எல்லாம் பில் ஃபிங்கர் கொடுத்தது. ஃபிங்கர் 1974ல் 59 வயதில், ஏழையாகச் செத்துப்போனார். 1989 படத்திலும் அவர் பெயர் இல்லை. கீட்டனின் மோவாய்க்கு 50,000 கடிதம் போன படம் அது.

ஆனால் 1965லேயே ஜெர்ரி பெய்ல்ஸ் என்ற ரசிகர் ஃபிங்கரைச் சந்தித்துப் பேசி உண்மையை எழுதிவிட்டார். கேன் கோபமாக மறுத்தார். பின்னால் மார்க் டைலர் நோபில்மன் என்ற எழுத்தாளர் விடாமல் தேடி, ஃபிங்கருக்கு ஒரு பேத்தி இருப்பதைக் கண்டுபிடித்தார். ஒருவழியாக 2015ல் கம்பெனி இறங்கிவந்தது. ‘கொல்லமாட்டானே’ என்று நாம் ரகளை பண்ணிய அந்த 2016 படத்தின் டைட்டிலில்தான் ஃபிங்கர் பெயர் முதல் தடவையாகச் சினிமாத் திரையில் வந்தது. அப்போதும் ‘கேனும் ஃபிங்கரும்’ இல்லை. ‘பாப் கேன், பில் ஃபிங்கருடன்.’