வறுமை பழக்கிய கை



சென்ற வாரம் பங்கு இல்லத்து உள்ளறை அலமாரியைத் திறந்தபோது, போன கிறிஸ்துமஸுக்கு ஏழைகளுக்கென்று நீங்கள் கொடுத்த பருத்திப் போர்வைகளில் 11 போர்வைகளைக் கறையான் அரித்திருக்கக் கண்டேன். திருடன் எவனும் வரவில்லை. பூட்டு நன்றாகவே இருந்தது. இதைவிடக் கஷ்ட காலம் ஒன்று வரும், அப்போது கொடுக்கலாம் என்று மார்கழிப் பனியிலும் அவற்றைப் பூட்டி வைத்தவன் நானேதான்.

இந்தத் தப்பிதத்தை உங்களிடம் மறைக்க மனமில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்தபோது எழுந்த கேள்வி உங்களில் பலருக்கும் உரியது என்பதால் எழுதுகிறேன்.

நான் மானாவாரிப் பூமியில் பிறந்தவன். என் தாயார் உலைக்கு அரிசி அளந்தபின், அதிலிருந்து ஒரு பிடி எடுத்து வேறு சட்டியில் போட்டு மூடி வைப்பார்கள். மழை பொய்த்த வருஷங்களில் சில இரவுகளில் அந்தப் பிடியரிசிதான் எங்களுக்குச் சாப்பாடு. அந்த நாள் போய் முப்பது வருஷத்துக்கு மேலாகியும், நான் சாப்பிடும் வேகம் குறையவில்லை. சணல் கயிறோ காலி டப்பாவோ எறியக் கை வருவதில்லை.

குடகனாறு வறண்ட வருஷங்களை அறிந்த உங்கள் வீடுகளிலும் இதைப் பார்க்கிறேன். மகன் நூற்பாலையில் சம்பாதிக்கிறான். தாயார் கிழிந்த சேலையைத் தைத்து உடுத்துகிறாள், புதுச் சேலை மடிப்புக் கலையாமல் பெட்டியில் கிடக்கிறது. அதே வறுமையில் வளர்ந்த வேறொருவனோ, பட்ட அவமானத்தைத் தீர்த்துக்கொள்வதுபோல், கடன் வாங்கி ஊரையே கூட்டி விருந்து வைக்கிறான். வறுமை எல்லாருக்கும் ஒரே பாடத்தைக் கற்பிப்பதில்லை.

தானே சம்பாதித்தவனைவிடப் பிதிரார்ஜிதச் சொத்துள்ளவன் ஏன் தாராளமாய்க் கொடுக்கிறான் என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் ஆராய்ந்திருக்கிறார். அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி அவர் சொல்லும் காரணம், அவன் இல்லாமையை அனுபவித்து அறியாதவன் என்பதே. செமினாரியில் இதைப் பரீட்சைக்காகப் படித்தேன். அது என்னைப்பற்றியது என்று இப்போதுதான் தெரிகிறது.

காரணம் தெரிந்துவிட்டால் குற்றம் நீங்கிவிடுமா? பயந்த பிள்ளைமேல் குற்றமில்லை. ஆனால் அலமாரிச் சாவி இருந்தது நாற்பது வயது கடந்தவன் கையில்.

அரசியல் பேச வரவில்லை. இருந்தாலும் காமராஜரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1903-ல் விருதுநகரில் பிறந்து, சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்து, படிப்பை நிறுத்தித் துணிக்கடையில் வேலைக்கு நின்றவர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்தும், சென்னையில் வாடகை வீட்டிலேயே வாழ்ந்து 1975-ல் மரித்தார். அவரே பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவுக்குப் பணம் தேடும்போது கணக்குப் பார்த்து ஒதுங்கவில்லை. இலங்கையில் பிறந்து, பசியோடு வளர்ந்து, பிள்ளைப் பிராயத்திலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்த எம்.ஜி.ஆர். 1982-ல் அந்தத் திட்டத்தைச் சத்துணவாக விரித்தார். தம் இளமைப் பசியை அவர் மறைத்ததில்லை. அந்தச் சத்துணவைத் தட்டேந்தி உண்டு வளர்ந்தவர்களில் நானும் ஒருவன்.

அவர்களுக்குப் பசியின் ஞாபகம் பிறருக்காகக் கையை விரித்தது. எனக்கோ பிறர் பொருளின்மேலும் கை சுருங்கிவிட்டது. தன் சோற்றைக் குறைப்பதைச் சிக்கனம் எனலாம். அடுத்தவன் போர்வையைப் பூட்டி வைத்ததை என்னவென்று சொல்வேன்?

யாத்திராகமம் 16-ம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் பசித்த இஸ்ராயேல் மக்கள், மோயீசன் தடுத்தும் மறுநாளைக்கென்று வைத்த மன்னா புழுத்துப்போயிற்று. ஆனால் ஓய்வுநாளுக்காக ஆறாம் நாள் சேர்த்து வைத்தது கெடவில்லை. ஆகவே சேமிப்பெல்லாம் பாவமென்று எவரும் எண்ண வேண்டாம். விதை தானியத்துக்கு விதைப்பு நாள் உண்டு. மகளின் படிப்புச் சீட்டுக்குத் தவணை உண்டு. என் போர்வைகளுக்கு மட்டும் நாளே குறிக்கப்படவில்லை. எந்தக் குளிரும் எனக்குப் போதுமான குளிராய்த் தோன்றவில்லை.

மீதி 24 போர்வைகளை இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் வின்சென்ட் தே பவுல் சபையார் கொடுப்பார்கள். அலமாரிச் சாவியும் இனி அவர்களிடமே இருக்கும். அதைக் கொடுக்கும்போது, மழைக்காலத்துக்கு ஐந்தாவது இருக்கட்டுமே என்று வாய்வரை வந்துவிட்டது.