பதினொரு நிமிட மௌனம்

யூனிக்ஸ் கணினிகளில் ஆர்ஹூடி என்றொரு பின்னணி நிரல் உண்டு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான பிஎஸ்டி யூனிக்ஸின் 4.2 பதிப்போடு 1983இல் வெளிவந்தது. ஒரே வலையமைப்பில் இருக்கும் கணினிகள் ஒன்றுக்கொன்று தம் நிலையைச் சொல்லிக்கொள்ள அது உதவியது. ஏறத்தாழ 3 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கணினியும் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிக்கும்: நான் இயங்குகிறேன், இன்ன நேரத்தில் இயக்கப்பட்டேன், என் மேல் இவ்வளவு சுமை, இன்னின்னார் உள்ளே இருக்கிறார்கள், அவர்கள் விசைப்பலகையைத் தொட்டு இவ்வளவு நேரமாகிறது. மற்றவை அதைக் கேட்டுக் குறித்துவைத்துக்கொள்ளும். ஒரு கணினியிடமிருந்து 11 நிமிடம் தகவல் வரவில்லையென்றால் பட்டியலில் அதன் பெயருக்கு எதிரே ‘செயலிழந்தது’ என்று விழும்.

கலைச்சொல் தொகுப்பு ஒன்றுக்காக இதைத் தமிழில் விளக்க நேர்ந்தபோது நான் முதலில் தடுக்கியது ‘டீமன்’ என்ற சொல்லில். இப்படித் திரைமறைவில் ஓடும் நிரல்களுக்கு அதுதான் பொதுப்பெயர். இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கற்பனை செய்த, ஓயாமல் மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டிருக்கும் குட்டிப் பூதத்திலிருந்து 1960களில் எம்ஐடிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். கண்ணில் படாமல் இரவும் பகலும் வேலை செய்கிற, நின்றால் மட்டுமே நினைக்கப்படுகிற ஒன்றுக்குத் தமிழில் பூதத்தைவிடப் பொருத்தமான பெயர்கள் என் நினைவுக்கு வந்தன. தொகுப்பாளர்கள் ஏற்றிருக்க மாட்டார்கள்.

அடுத்த சொல் ‘ஐடில்’. விசையைத் தொடாத நேரம். தமிழில் இதற்கு நம்மிடம் தயாராக இருப்பது ‘சும்மா’. அச்சடித்த தாளைப் படித்துக்கொண்டிருப்பவரும், கணக்கு எங்கே பிசகியது என்று யோசிப்பவரும், தூங்குபவரும் இந்த நிரலுக்கு ஒன்றுதான். ஒரு மணிநேரம் விசையைத் தொடாதவரின் பெயரைப் பட்டியல் காட்டவே காட்டாது. தனியாகக் கேட்டால்தான் காட்டும். “வீட்ல சும்மாதான் இருக்கா” என்று கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. சுமை ஒரு பத்தியில், சும்மா இன்னொரு பத்தியில். இரண்டையும் சேர்த்துப் படிக்க யாரும் கற்றுத் தருவதில்லை.

ஆனாலும் இதில் எனக்குப் பிடித்த ஒரு நியாயம் இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் தலைவன் இல்லை. சொல்லுகிற கணினியேதான் கேட்கிற கணினியும்.

எங்கள் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். வெளியூர், விடுதி. இருக்குமிடத்தை நொடிக்கு நொடி காட்டும் வசதியைக் கைப்பேசியில் போட்டுத்தான் அப்பா படிக்க அனுப்பியிருந்தார். நூலகத்துக்குப் போய்த் திரும்பிய ஒரு மாலை, பேருந்து நெரிசலில் நின்றது. கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தது. அவள் விடுதிப் படியேறும்போது காப்பாளர் அறையில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். மறுவாரம் பெட்டி படுக்கையோடு கூட்டிப் போய்விட்டார்கள். தேர்வெழுத மட்டும் வந்தாள், அண்ணனோடு. “அண்ணன் எங்க இருக்காருன்னு உன் போன்ல தெரியுமா?” என்று கேட்டேன். “அவரெல்லாம் போட மாட்டார் மேம்” என்றாள். அந்த ‘எல்லாம்’ இன்னும் காதில் இருக்கிறது.

ஆர்ஹூடியின் கையேட்டில் குறைகள் என்றொரு பகுதி உண்டு. தாங்கள் செய்ததன் குறையைத் தாங்களே எழுதிவைப்பது யூனிக்ஸ்காரர்களின் நல்ல பழக்கம். நிலைத்தகவலை ஓயாமல் அனுப்பிக்கொண்டிருக்காமல் கேட்டால் மட்டும் அனுப்ப வேண்டும் என்கிறது அது. தகவல் சொல்லும் நிரல் நின்றுபோனாலோ, இடையில் தொடர்பு அறுந்தாலோ, கணினியே விழுந்துவிட்டதாக மனிதர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்றும் சொல்கிறது. அந்த அப்பாவுக்கு இதை யார் படித்துக்காட்டுவது? அவள் விழவில்லை. சார்ஜ்தான் தீர்ந்தது. ஆனால் ஒரு பெண்ணின் மௌனத்துக்கு நம் வீடுகளில் இரண்டே அர்த்தம்: ஒன்று ஆபத்து, இல்லாவிட்டால் ஓடிப்போய்விட்டாள். இரண்டுக்கும் தண்டனை என்னவோ ஒன்றுதான்.

பயம் பொய்யென்று சொல்லவில்லை. “சேந்துட்டியா?” என்று கேட்கிற அம்மாவின் குரலில் உள்ள கவலையை நான் அறிவேன். தனியாக வசிக்கும் தோழிகள் நான்கு பேர், நாங்களும் தினம் காலையில் ஒரு செய்தி போட்டுக்கொள்கிறோம். பெரும்பாலும் ஒரு பூப்படம், சில நாள் வெறும் புள்ளி. ஒன்பது மணிக்குள் வராவிட்டால் மற்றவள் கூப்பிடுவாள். என்ன செய்கிறாய், யாரோடு இருக்கிறாய் என்று கேட்பதில்லை. நால்வருமே சொல்கிறோம், நால்வருமே கேட்கிறோம்; வேண்டாமென்றால் யாரும் விலகிக்கொள்ளலாம். போன மார்கழியில் ஒருத்தி பத்து நாள் விலகியிருந்தாள். ஏனென்று இன்றுவரை சொல்லவில்லை.

அந்த மாணவியின் வீட்டில் இதில் எதுவும் இல்லை. அவள் சொல்ல மட்டுமே செய்தாள். எதைச் சொல்வது, எத்தனை முறை, எவ்வளவு மௌனம் வரை பொறுப்பது என்பதையெல்லாம் கேட்பவர் முடிவு செய்தார். இதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

வலையமைப்புகள் பெருத்தபோது ஆர்ஹூடியின் ஓயாத அறிவிப்பு பாரமாயிற்று. யார் உள்ளே இருக்கிறார், யார் இல்லை என்று ஊருக்கே சொல்வது திருடனுக்கும் வசதி என்பதும் உறைத்தது. ஃப்ரீபிஎஸ்டியில் அது தானாக ஓடாது. அந்தக் கணினியின் பொறுப்பாளர் வேண்டுமென்று எழுதிவைத்தால்தான் ஓடும்.